தாத்தாவின் காது மிஷின் டிராயரில் கிடக்கிறதா? மறுபடியும் காதுக்குக் கொண்டுவருவது எப்படி?

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் என்று கெடாவின் எந்தப் பக்கம் போனாலும், வயதானவர்கள் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"தாத்தா, காது மிஷின் எங்க?"

"அது சரியில்லப்பா. கூய்னு கத்துது. டிராயர்ல போட்டு வெச்சிருக்கேன்."

அலைந்து திரிந்து, பணம் கட்டி, இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கிய கருவி. இப்போது பழைய பில்களுக்கும் தைலப் போத்தலுக்கும் நடுவில் கிடக்கிறது. தாத்தாவோ யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுகிறார். அவருக்குப் புரிந்தது என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

பல நேரங்களில் அந்தக் கருவி கெட்டுப்போயிருக்காது. காதில் சரியாக உட்காராததால் கத்தியிருக்கும். பேட்டரி தீர்ந்திருக்கும். ஒரு சின்னத் துவாரத்தில் காது அழுக்கு அடைத்திருக்கும். கருவியைக் கொடுத்தார்கள், ஆனால் அதை எப்படிக் கையாள்வது என்று கை பழகும்வரை சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

எத்தனை பேர் உண்மையில் கருவி போடுகிறார்கள்?

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் செவித்திறன் பற்றிய தனது முதல் உலக அறிக்கையை வெளியிட்டது. உலகில் சுமார் 150 கோடி பேருக்கு ஏதாவது ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்துள்ளது, அவர்களில் 43 கோடி பேருக்குச் சிகிச்சையோ கருவியோ தேவை என்று அது சொல்கிறது. கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் மட்டுமே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

விலை ஒரு காரணம், தூரம் ஒரு காரணம், "கிழவன் ஆயிட்டேன்னு ஊருக்கே காட்டணுமா?" என்ற கூச்சமும் ஒரு காரணம். கருவி கையில் இருந்தும் போடாதவர்கள் விஷயத்தில், அதைக் கையாளத் தெரியாமல் போவதும் சேர்ந்துகொள்கிறது. மற்றவற்றை நம்மால் உடனே மாற்ற முடியாது. இந்த ஒன்றை இந்த வார இறுதியிலேயே மாற்றலாம்.

"கேக்குது, ஆனா புரியல" என்றால் என்ன அர்த்தம்?

உள்காதில் மிக நுண்ணிய முடி போன்ற உணர்செல்கள் உள்ளன. வயதாக ஆக இவை அழிகின்றன. பல ஆண்டுகள் இரைச்சலில் வேலை செய்தாலும் அழியும். ரப்பர் தொழிற்சாலை, செம்பனை ஆலை, டிராக்டர், புல்வெட்டும் மிஷின் என்று தோட்ட வாழ்க்கையில் அந்த இரைச்சலுக்குக் குறைவில்லை. அழிந்த செல்கள் மறுபடி முளைக்காது.

பெரும்பாலும் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். தமிழில் க, ச, ட, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகளில் பல அந்தப் பகுதியில்தான் உள்ளன. அதனால் நீங்கள் "பால் வேணுமா?" என்று கேட்டால், தாத்தா "கால் இப்ப பரவால்ல" என்பார். உங்கள் குரல் அவருக்கு எட்டியது, சொல் எட்டவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினாலும் பயன் குறைவு, கத்தும்போது சொல் உருமாறிவிடும்.

எந்தச் சுருதியில் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு மட்டும் ஒலியைக் கூட்டித் தருவதுதான் கருவியின் வேலை. அதனால்தான் அது ஒவ்வொருவருக்கும் தனியாகச் சரிசெய்யப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் கருவியை வாங்கிப் போடுவதும், இணையத்தில் மலிவாக விற்கும் ஒலிபெருக்கியைப் போடுவதும் இதற்கு ஈடாகாது.

வாங்குவதற்கு முன் கையையும் பாருங்கள்

காதைச் சோதிப்பார்கள், கையை யாரும் கவனிக்க மாட்டார்கள். முப்பது நாற்பது வருடம் பால்மரம் சீவிய விரல்கள் இறுகிப்போயிருக்கலாம். இனிப்புநீர் இருந்தால் விரல் நுனி மரத்திருக்கலாம். கண்ணில் புரை இருக்கலாம். அந்தக் கையில் பட்டாணியைவிடச் சிறிய பேட்டரியைக் கொடுத்து "மாத்திக்குங்க" என்றால் எப்படி முடியும்?

கருவிகள் பொதுவாக மூன்று வகை. காதுக்குப் பின்னால் மாட்டி, குழாய் வழியாகக் காது அச்சுக்கு ஒலியை அனுப்புவது ஒன்று. பின்னால் மாட்டினாலும் மெல்லிய வயர் வழியாகச் சிறு ஒலிபெருக்கியைக் காதுக்குள் வைப்பது இன்னொன்று. முழுவதும் காதுக்குள்ளேயே அடங்கிவிடுவது மூன்றாவது. சிறியது வெளியே தெரியாது என்பதால் பலருக்கு அதன்மேல் ஆசை. ஆனால் பிடிப்பதற்கும் துடைப்பதற்கும் பெரியதே சுலபம். மின்சாரத்தில் சார்ஜ் செய்யும் வகையும் இருக்கிறது. கைபேசியைச் சார்ஜ் போடும் இடத்திலேயே அதன் பெட்டியையும் வைத்துவிட்டால், பேட்டரி மாற்றும் தொல்லை இல்லை.

செவித்திறன் நிபுணரிடம், அதாவது ஆடியோலஜிஸ்டிடம், "இவருக்கு விரல் சரியா வேலை செய்யாது, எது சுலபம்?" என்று நேராகவே கேளுங்கள்.

உடன் போகிறவர் என்ன செய்ய வேண்டும்?

வழக்கமான வழி இதுதான்: முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரி. கெடாவில் சுங்கைப்பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையிலும் அலோர்ஸ்டாரின் சுல்தானா பஹியா மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு.

அங்கே பேச்சு பெரும்பாலும் மலாயில் நடக்கும். நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர். மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

முதலாவது, தாத்தாவுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "எங்கே கேட்கக் கஷ்டமா இருக்கு?" என்ற கேள்விக்கு உங்கள் பதில் "வீட்ல டிவி" என்று இருக்கலாம். அவர் பதில் "கோயில் கமிட்டி மீட்டிங்" என்று இருக்கலாம். கருவியை எதற்காகச் சரிசெய்ய வேண்டும் என்பது அவர் பதிலில்தான் இருக்கிறது.

இரண்டாவது, சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனை மலாயில் நடந்தால், தாத்தாவுக்கு மலாய் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் தவறியது காதினாலா மொழியினாலா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மூன்றாவது, நிபுணரின் அனுமதியோடு, கருவியை மாட்டுவதையும் துடைப்பதையும் கைபேசியில் காணொளியாக எடுங்கள். நிறைய விளக்கத்தை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பாதியை மறப்பது யாருக்கும் நடக்கும்.

இந்த மூன்றாவது யோசனைக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பிரிட்டனின் நாட்டிங்ஹாமில் ஆய்வாளர்கள், முதன்முதலாகக் கருவி வாங்கியவர்களுக்காகக் குறுங்காணொளிகள் தயாரித்து, சுமார் 200 பேரிடம் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். காணொளிகளைப் பெற்றவர்களுக்குக் கருவியைப் பற்றிய அறிவும் அதைக் கையாளும் திறனும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. உங்கள் தாத்தாவின் சொந்தக் கருவியை வைத்து, தமிழில் நீங்கள் பேசி எடுக்கும் இரண்டு நிமிடக் காணொளியும் அதே வழிதான். ஒரு காணொளியில் ஒரு வேலை மட்டும் காட்டுங்கள்.

பாடம் நடத்துவது எப்படி?

நாம் வழக்கமாகச் செய்யும் தவறு, பொறுமை இல்லாமல் நாமே மாட்டிவிடுவது. நீங்கள் வேலைக்கோ காலேஜுக்கோ கிளம்பிவிட்டால் கருவி மறுபடி டிராயருக்குப் போய்விடும். அவர் கை அதைத் தானாகச் செய்யப் பழக வேண்டும்.

நல்ல வெளிச்சத்தில், மேஜைமேல் துண்டு விரித்து உட்காருங்கள். கருவி தவறி விழுந்தாலும் உடையாது. எதிரில் ஒரு கண்ணாடி வையுங்கள்.

ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டுங்கள். பிறகு "புரிஞ்சுதா தாத்தா?" என்று கேட்காதீர்கள். "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். "இப்ப நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். எங்கே கை தடுமாறுகிறதோ, அங்கேதான் அடுத்த பாடம்.

அவர் தானாகச் செய்ய வேண்டியவை ஆறு:

1. வலது, இடது அடையாளம் காண்பது. கருவியில் சிவப்புக் குறி இருந்தால் வலது காது, நீலக் குறி இருந்தால் இடது காது.
2. சரியாக மாட்டுவது, கழற்றுவது. காது அச்சைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும், குழாயையோ வயரையோ பிடித்து இழுக்கக் கூடாது.
3. போடுவது, நிறுத்துவது. பல கருவிகளில் பேட்டரிக் கதவை மூடினால் ஓடும், திறந்தால் நிற்கும்.
4. பேட்டரி மாற்றுவது அல்லது சார்ஜ் போடுவது.
5. துடைப்பது.
6. இரவில் எங்கே வைப்பது. ஒரே இடம், ஒரே டப்பா.

ஒரே நாளில் ஆறையும் திணிக்க வேண்டாம். நாளுக்கு ஒன்று போதும்.

பேட்டரி விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தப் பேட்டரிகளுக்கு உலகம் முழுவதும் ஒரே நிறக் குறியீடு. மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. இவற்றில் 10 மிகச் சிறியது, 675 மிகப் பெரியது. தாத்தாவுக்கு எண்கள் நினைவில்லாவிட்டாலும் "ஆரஞ்சு ஒட்டு போட்டது" என்று சொல்லி வாங்கலாம்.

இவை காற்றிலுள்ள பிராணவாயுவால் இயங்குகின்றன. ஒட்டை உரித்ததும் காற்று உள்ளே போகும், வேலை தொடங்கும். அதனால் உரித்தபின் மூன்று முதல் ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு போட்டால் நல்லது. ஒட்டைத் திரும்ப ஒட்டினால் மிச்சம் பிடிக்க முடியும் என்று நினைக்க வேண்டாம், அப்படிச் சேமிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உரித்து வைக்கவும் கூடாது. கருவியின் சக்தியையும் எத்தனை மணிநேரம் போடுகிறார் என்பதையும் பொறுத்து, சிறியது சில நாளிலும் பெரியது ஒன்றிரண்டு வாரத்திலும் தீரும்.

குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், ஈரம் கோக்கும். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வைக்காதீர்கள். ஒரு குழந்தை பேட்டரியை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள், காத்திருக்க வேண்டாம். மருந்து டப்பாவுக்குப் பக்கத்திலும் வேண்டாம், பெரியவர்களே மாத்திரை என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு.

முதல் சில வாரங்கள்தான் சோதனை

பல வருடமாகக் கேட்காத ஒலிகள் திடீரென்று திரும்பி வரும். மின்விசிறி, குழாய்த் தண்ணீர், பிளாஸ்டிக் பை சரசரப்பு, தகரக் கூரைமேல் மழை எல்லாம் பெரிதாகக் கேட்கும். தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல் இருக்கும். "மிஷின் சரியில்ல" என்று தாத்தா சொல்வது இந்தக் கட்டத்தில்தான்.

இது பெரும்பாலும் கோளாறு அல்ல. எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று மூளை மறுபடி பழகுகிறது. இதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் பிடிக்கும். முதலில் வீட்டில், அமைதியான நேரத்தில், ஒரே ஒருவரோடு பேசும்போது போடட்டும். பிறகு டிவி, பிறகு இரண்டு மூன்று பேர் பேசும் இடம், அதற்குப் பிறகு ஒட்டுக்கடை. கோயில் திருவிழாவையும் கல்யாண மண்டபத்தையும் கடைசிக்கு வையுங்கள். நாளுக்குச் சில மணிநேரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விழித்திருக்கும் நேரமெல்லாம் போடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். விசேஷ நாளில் மட்டும் போட்டால் மூளை பழகாது.

ஒரு சின்னக் குறிப்பேட்டில் எங்கே, எந்தச் சத்தம் தொல்லை தந்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை நிபுணரிடம் காட்டினால் அதற்கேற்ப அவர் மாற்றியமைப்பார். ஆனால் வலியோ புண்ணோ வந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், அச்சைச் சரிசெய்ய வேண்டும்.

நம்ம ஊர் வெக்கை, வியர்வை, நல்லெண்ணெய்

நம் வானிலை இந்தக் கருவிக்கு எதிரி. ஈரமும் வியர்வையும் உள்ளே இறங்கும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சார்ஜ் செய்யும் வகை என்றால் அதன் சொந்தப் பெட்டியில் வையுங்கள்.

குளிக்கும்போதும், தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும், முடிவெட்டும்போதும் கழற்ற வேண்டும். எண்ணெய் காய்ந்து, கையைத் துடைத்த பிறகே மாட்ட வேண்டும். தினமும் உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும், ஸ்பிரிட் வேண்டாம். குழாயோடு வரும் காது அச்சை மட்டும் கருவியிலிருந்து பிரித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பொருத்தலாம். கருவியில் தண்ணீர் படவே கூடாது.

ஹெல்மெட் போடும்போது கருவி உரசிக் கத்தும், கழற்றும்போது கூடவே தெறித்து விழும். அதனால் ஹெல்மெட்டுக்கு முன் கருவியைக் கழற்றி டப்பாவில் போடும் பழக்கம் நல்லது. முகக்கவசத்தைக் கழற்றும்போதும் இதே கவனம் தேவை. வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள். நாய்க்கு இதைக் கடிப்பதில் தனி ஆசை, அதன் வாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

கோளாறு என்றால் முதலில் என்ன பார்ப்பது?

கூய் என்று கத்தினால்: அச்சு முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். அப்படியும் கத்தினால் காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். அதைப் பஞ்சுக் குச்சியால் குடையாதீர்கள், கிளினிக்கில் எடுக்கட்டும். உடம்பு மெலிந்ததாலோ காலப்போக்கிலோ அச்சு தளர்ந்திருந்தால் புதிய அச்சு எடுக்க வேண்டியிருக்கும்.

சத்தமே வரவில்லை என்றால்: கதவு மூடியிருக்கிறதா, பேட்டரி தலைகீழாக இருக்கிறதா, புதிய பேட்டரி போட்டால் ஓடுகிறதா, ஒலி வரும் துவாரம் அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். காதுக்குள் ஒலிபெருக்கி உள்ள வகையில், அழுக்கைத் தடுக்கும் சின்ன வடிகட்டியை மாற்ற வேண்டியிருக்கலாம்.

சத்தம் மெலிதாக இருந்தால்: குழாய்க்குள் தண்ணீர்த் துளி நிற்கிறதா என்று பாருங்கள். குழாய் மஞ்சளாகி இறுகியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சில மாதங்களுக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டும்.

காலையில் கருவியை மாட்டியதும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் "ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்" என்று சொல்லுங்கள். தாத்தா அதைத் திருப்பிச் சொல்லட்டும். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சில் வரும் ஒலிகளை இந்த ஆறும் தொட்டுவிடும். கருவி போடும் குழந்தைகளுக்கும் இதே சோதனைதான். நேற்றுச் சொன்னதை இன்று சொல்ல முடியவில்லை என்றால், கருவியிலோ காதிலோ ஏதோ மாற்றம் என்று பொருள்.

செலவுக்கு யாரைக் கேட்கலாம்?

ஓ.கே.யு. அட்டைக்கான பிரிவுகளில் செவித்திறன் குறைபாடும் ஒன்று. மருத்துவர் உறுதிப்படுத்திய பிறகு சமூக நலத்துறையில், அதாவது ஜே.கே.எம்.-இல், பதியலாம். வசதி குறைந்தவர்களுக்கான அத்துறையின் துணைக்கருவி உதவியில் காது கேட்கும் கருவியும் அடங்கும்.

இன்னும் வேலையில் இருப்பவருக்கும், வேலையிடத்து இரைச்சலால் காது பாதிக்கப்பட்டவருக்கும் சொக்சோ அலுவலகம் இருக்கிறது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளது. அரசாங்க ஓய்வூதியம் பெறுபவர் என்றால், தனக்குள்ள மருத்துவச் சலுகை பற்றி ஆஸ்பத்திரியிலேயே கேட்கலாம். வருமான வரி கட்டும் பிள்ளைகள், ஓ.கே.யு. பதிவுள்ள பெற்றோருக்கு வாங்கும் துணைக்கருவிக்கு 6,000 ரிங்கிட் வரை வரிவிலக்குக் கோரலாம்.

முக்கியமானது: பெரும்பாலான உதவிகளுக்கு முன் அனுமதி கேட்பார்கள். வாங்கிவிட்டுப் பிறகு ரசீதோடு ஓடாதீர்கள், முதலில் கேளுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போனால் அதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம். காதில் சீழ், ரத்தம், கடும் வலி, தலைச்சுற்றல், ஒரு காதில் மட்டும் விடாத இரைச்சல் இருந்தாலும் கருவியைச் சரிசெய்துகொண்டு உட்காராதீர்கள்.

நாமும் கொஞ்சம் மாற வேண்டும்

எவ்வளவு நல்ல கருவியும் பழைய காதைத் திருப்பித் தராது. அடுத்த அறையிலிருந்து கூப்பிடாமல் எதிரில் வந்து, முகம் தெரியும்படி, நிதானமாகப் பேசுங்கள். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள். புரியாவிட்டால் அதே சொல்லைக் கத்தாமல் வேறு மாதிரி சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்காதவரைப் பேச்சிலிருந்து ஒதுக்கிவைப்பது அந்த வார்த்தைதான்.

உங்கள் காதையும் பாருங்கள். உருமி மேளத்துக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் நிற்பவரும், இயர்போனை முழுச் சத்தத்தில் வைப்பவரும் அதே உணர்செல்களைத்தான் செலவழிக்கிறார்கள். 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். வேலையிடத்துக்கு, 2019 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள மலேசிய விதிமுறைப்படி, அன்றாட வரம்பு 85 டெசிபல்.

இந்த சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது புதிய பேட்டரி ஓர் அட்டை, ஒரு மென்துணி, மூடியுள்ள டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிராயரைத் திறங்கள். மேஜைமேல் துண்டை விரித்து, தாத்தாவை எதிரில் உட்கார வையுங்கள். முதல் நாள் பாடம் ஒன்றே ஒன்று: சிவப்பு வலது, நீலம் இடது.